மழைக்குக் குறைந்த எடை

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். என் எழுத்து கோணலாக வரும். நடந்ததை முன்னுக்குப் பின்னாகச் சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கிளினிக்கில் எங்கள் பக்கத்தில் உட்காரும் ஒரு தாய், தன் மகனுக்கு இதே ஆபரேசனுக்காக அலைகிறவர், "நீங்க பட்டத எழுதி வச்சா எங்களுக்கு ஒதவும்" என்றார். முகம் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். தாளைப் பார்த்து எழுத அவ்வளவு கூச்சமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நோயாளி நான் இல்லை, என் மகள் சாந்தி. வயது நாற்பது. கொடகவெலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நானும் அவளும் மருமகன் செல்வராஜும் இருக்கிறோம். நான் கொழுந்து பறித்து ஓய்ந்தவள். சாந்தி கஹவத்தைப் பக்கம் ஒரு கார்மெண்டில், தைத்து வரும் உடுப்புகளைச் சரிபார்க்கும் பெண்களுக்கு மேற்பார்வை.

அவளுடைய நோயின் முதல் அறிகுறி எம்பிலிப்பிட்டிய என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்து பஸ் ஏறுவாள். கொடகவெலவில் இறங்க வேண்டும். இறங்க மாட்டாள், தூங்கிவிடுவாள். பஸ் கடைசியாக நிற்கும் எம்பிலிப்பிட்டியவில் கண்டக்டர் தட்டி எழுப்புவார். முதல் தடவை களைப்பு என்று நினைத்தோம். மூன்றாம் தடவை அந்தக் கண்டக்டரே சிங்களத்தில், "அக்காவுக்கு எங்க ஊர் பிடிச்சுப் போச்சு" என்றாராம்.

"அம்மா, இன்னைக்கும் எம்பிலிப்பிட்டியதான்" என்று போன் வரும்.

"போனதே போன, வெங்காயம் மலிவா இருந்தா ரெண்டு கிலோ வாங்கிட்டு வா" என்பேன் நான்.

அந்த நாட்களில் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நான் வெங்காயம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் குறட்டை எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோருக்கும் பழக்கம். குறட்டை கேட்கும்வரை பயமில்லை. நடுவில் சட்டென்று நின்றுபோகும். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். ஒரு நாள் இருபத்தைந்துவரை எண்ணினேன். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து வந்தவளைப் போல மூச்சை இழுத்தாள். அன்றைக்குத்தான் செல்வராஜிடம் சொன்னேன்.

இரத்தினபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீனி வியாதி ஏற்கனவே இருந்தது. பிரஷரும் இருந்தது. தூக்கத்துக்கென்று தனி டொக்டர் இருப்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. அவரைப் பார்க்கக் காத்திருந்த பெஞ்சிலேயே சாந்தி உட்கார்ந்தபடி தூங்கிவிட்டாள். டொக்டர் வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பாதிப் பரிசோதனை முடிஞ்சுது" என்றார். மீதிப் பாதியையும் செய்தார்கள். ஸ்லீப் அப்னியா (தூங்கும்போது தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வருவது) என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்துப் பார்த்த ஆபரேசன் டொக்டர் ஒரு சிங்களப் பெண். நான் டொக்டர் மிஸ் என்றே கூப்பிடுவேன். அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, இந்த எடையோட விட்டா ஒரு நாளைக்கு நின்ன மூச்சு திரும்பி வராமப் போகலாம்." பத்தியமும் நடையும் மட்டும் இவளுக்குப் போதாது என்றார். பேரியாட்ரிக் ஆபரேசன் (இரைப்பையின் பெரும் பகுதியை எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் அளவுக் குழாயாக்குவது) செய்தால் நல்லது என்றார்.

அது எங்கள் கையால் ஆகிற காரியமில்லை. சாந்தியின் கம்பனி மேற்பார்வைக்காரர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் போட்டிருந்தது. இன்சூரன்ஸ் சரி என்றால் ஆபரேசன். இல்லையென்றால் இல்லை.

இனி நான் எழுதுவது அந்தச் சரி என்ற ஒரு சொல்லுக்காக நாங்கள் பட்ட பாடு.

இன்சூரன்ஸ்காரர்கள் நிறையக் கேட்டார்கள். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் எண்) ஒரு கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். எந்த எண் என்பது எனக்கு நினைவில்லை. ஆனால் சாந்தியின் உயரத்துக்கு அந்தக் கோட்டுக்கு மேலே அவளிடம் இரண்டு கிலோவும் கொஞ்சமும்தான் மிச்சம் என்பது நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மாதம் டொக்டர் சொன்ன பத்தியம் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை கிளினிக்கில் நிறுக்க வேண்டும். வாரம் ஒரு தடவை வீட்டில் நிறுத்து ஒரு கொப்பியில் எழுத வேண்டும். மனநல டொக்டரின் கடிதமும் வேண்டும்.

பத்தியத்தில்தான் முதல் குழப்பம். எடை குறைய வேண்டும் என்று பத்தியம். ஆனால் இரண்டரைக் கிலோ குறைந்தால் கோட்டுக்குக் கீழே போய்விடுவாள், ஆபரேசன் கிடைக்காது. பத்தியமே இருக்காவிட்டால் முயற்சி செய்யவில்லை என்று ஆபரேசன் கிடைக்காது. செல்வராஜ் இதை எனக்கு மூன்று தடவை விளக்கினார்.

"அப்ப பத்தியம் இருக்கணும், பத்தியம் பலிக்கக் கூடாது. அதானே மாப்ள?" என்றேன்.

"அதேதாங்க அத்த. நீங்க இன்சூரன்ஸ்ல வேலைக்குப் போகலாம்" என்றார்.

உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அதில் ஓட்ஸ், அப்பிள், கீரை சலாது எல்லாம் இருந்தன. எங்கள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கடைசி வரியில் இருந்தன. தவிர்க்க வேண்டியவை என்று அந்த வரிக்கு மேலே போட்டிருந்தது. சாந்தி தாளைச் சுவரில் ஒட்டினாள். "நம்ம வீட்டுச் சமையல் பட்டியல இவங்களுக்கு யாரு கொடுத்தா?" என்று கேட்டாள்.

அடுத்த காம்பராவில் (லயத்து அறையில்) இருக்கும் முத்துலெட்சுமி நல்லவள், ஆனால் விசயத்தைப் பாதியில் கேட்டுவிட்டு ஓடுகிறவள். எடை குறைந்தால் இன்சூரன்ஸ் இல்லை என்ற பாதியை மட்டும் அவள் கேட்டிருந்தாள். வாரம் தவறாமல் உளுந்து வடை வந்தது. "சாப்பிடு புள்ள, ஒன் உசுர காப்பாத்தத்தான் சுட்டேன்" என்பாள். சாந்தி ஒரு வடையில் கால் வாசி பிட்டு வாயில் போட்டுவிட்டு மீதியை என்னிடம் தள்ளுவாள். அந்த ஆறு மாதத்தில் ஒழுங்காக எடை கூடியது எனக்குத்தான்.

மனநல டொக்டர், எதற்காக இந்த ஆபரேசன் வேண்டும் என்று சாந்தியிடம் கேட்டாராம். "கொடகவெலவுல எறங்கணும் டொக்டர்" என்றாளாம். கடிதம் கிடைத்துவிட்டது.

இப்போது கொப்பிக்கு வருகிறேன்.

வீட்டுக்கு ஒரு முள்ளுத் தராசு வாங்கினோம், மேலே ஏறி நிற்கிற வகை. சாந்தி ஏறி நின்றால் வயிறு மறைத்து முள் அவளுக்குத் தெரியாது. செல்வராஜுக்கு ஞாயிறும் ஓட்டோ ஓட்டம் உண்டு. ஆகவே முள் பார்க்கிறதும் கொப்பியில் எழுதுகிறதும் என் பொறுப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை நம்பி யாரும் ஒரு கொப்பியைக் கொடுத்ததில்லை. ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து நிற்பாள். நான் குந்தி உட்கார்ந்து பார்த்து, யோசித்து எழுதுவேன்.

ஆறு மாதம் ஒரு வாரமும் தவறவில்லை. கொப்பியைப் போட்டோ கொப்பி எடுத்து, கிளினிக் தாள்களோடு சேர்த்து அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. செல்வராஜ் வாசலில் நின்றே படித்தார். முகம் சுருங்கியது.

"இல்லைன்னுட்டாங்க" என்றார். வீட்டில் எழுதிய எடை பல வாரம் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறதாம். கிளினிக் எடையோடும் பொருந்தவில்லையாம்.

சாந்தி கதிரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கவலையோடே தூங்கிவிட்டாள். அழக்கூட நேரம் கொடுக்காத நோய் அது. செல்வராஜ் கொப்பியைப் புரட்டினார்.

"அத்த, முள்ளு காட்டுனதத்தானே எழுதுனீங்க?"

"ஆமாங்க மாப்ள. ஒழுங்காக் கழிச்சுத்தான் எழுதுனேன்."

"என்னாத்தக் கழிச்சீங்க?"

"உடுப்புக்கு ஒன்னு, தலையில இருக்க தண்ணிக்கு ஒன்னு. மழ நாள்ல மூணு."

அவர் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். என் தப்பு அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டுகிற எடை எங்கள் எடை இல்லை. சாக்குக்கு என்று ஒரு கிலோ கழிப்பார்கள். கொழுந்தில் இருக்கும் தண்ணீருக்கு என்று இன்னொன்று. மழை நாளில் இன்னும் கூட. கழித்து மிஞ்சுவதுதான் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஏறும். நிறுத்து எழுதுவது என்றால் எனக்கு அதுதான் தெரியும். கழிக்காமல் எழுதுவது பொய்க் கணக்கு என்றே நினைத்திருந்தேன். எங்கள் சபரகமுவை மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

விழித்த பிறகு சாந்தியிடம் நானே சொன்னேன்.

"நான் என்ன கொழுந்தாம்மா?"

"இல்ல சாமி."

"பேசாம என்ன ஃபெக்டரிக்கு அனுப்பிருக்கலாமே. வாட்டி அரைச்சாவது எடைய கொறைச்சிருப்பாங்க."

சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க மூச்சு வாங்கியது. பிறகு அழுதாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். என் கையால் என் பிள்ளையின் மூச்சைக் கழித்து எழுதிவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் கடைசியில் இருந்தது. இன்சூரன்ஸின் மருத்துவ ஆலோசகர் மாதம் ஒரு நாள் இரத்தினபுரிக் கிளைக்கு வருவாராம். செல்வராஜ் தான் போய்ப் பேசுவதாகச் சொன்னார். நான் வருகிறேன் என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கோயில் கூட்டத்தில்கூட நான் பேசுகிறவள் இல்லை. நாற்பது வருடத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஒரு நாளும், ஐயா இது கூடக் கழிக்கிறீங்க என்று சொன்னதில்லை. மனதுக்குள் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் சிங்களத்தில் பேசிப் பழகிக்கொண்டே போனேன். ஆலோசகர் சிங்களவராக இருப்பார் என்று நினைத்தேன். உள்ளே போனால் தலை நரைத்த யாழ்ப்பாணத்து டொக்டர். பழகிய சிங்களம் வீணாயிற்று, தமிழும் வாயில் வரவில்லை.

"வாங்கோ அம்மா, இருங்கோ" என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா, நிக்கிறேன்."

"நீங்கள் நிண்டால் மரியாதைக்கு நானும் எழும்ப வேணும். எனக்கு முழங்கால் நோவு. இருங்கோ."

உட்கார்ந்தேன். சாந்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்வராஜ் கதவடியில் நின்றார். டொக்டர் போட்டோ கொப்பியை விரித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"நாந்தாங்க."

"மகளின்ர நிறை ஒரு கிழமை கோட்டுக்கு மேல, அடுத்த கிழமை கீழ. தவளை மாதிரிக் குதிக்குது. கன காலம் இந்த வேலை பாக்கிறன், இப்பிடியொரு உடம்பை நான் காணேல்லை. இதென்ன விசயம்?"

"மழைங்க."

"என்ன?"

"மழ பேஞ்ச வாரம் மூணு கழிச்சேங்க. வெயில் வாரம் ரெண்டுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரிட்டக் கழிச்சனீங்கள்?"

"புள்ளகிட்டதாங்க."

செல்வராஜ் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாந்தி தரையைப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. ஆனால் நிறுத்தினால் பிறகு வாய் திறக்காது என்று தெரியும். சாக்கு, தண்ணீர், கணக்கப்பிள்ளை எல்லாவற்றையும் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன்.

"சரி அம்மா. ஆனால் அது கொழுந்து. இது ஆள். ஆளுக்கும் கழிக்க வேணுமெண்டு ஏன் நினைச்சனீங்கள்?"

"நாப்பது வருசம் எங்கிட்டக் கழிச்சாங்க ஐயா. கழிக்காத தராச நான் கண்டதில்லைங்க."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்கள் சொல்லுறதை நான் நம்பிறன். ஆனால் நான் எழுத ஒரு ஆதாரம் வேணும். எந்தக் கிழமை எவ்வளவு கழிச்சதெண்டு இப்ப எப்பிடிச் சொல்லுவியள்?"

"ஓரத்துல கோடு போட்டிருக்கேங்க."

கொப்பியின் ஓரத்தில், கழித்த கிலோ ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தேன். பறிக்கிற காலத்திலும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று காம்பராச் சுவரில் கரியால் கோடு போடுவேன். கேட்பதற்கு வாய் வராது, கணக்காவது இருக்கட்டும் என்று. போட்டோ கொப்பியில் அவை பேனா கிறுக்கினது போலத் தெரிந்தன. நல்ல வேளை, கொப்பியைக் கையில் கொண்டுபோயிருந்தேன்.

டொக்டர் கொப்பியை வாங்கினார். கிளினிக்கில் நிறுத்தது எப்போதும் திங்கட்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எடையை எடுத்தார், ஓரத்துக் கோடுகளைக் கூட்டினார், கிளினிக் தாளைப் பார்த்தார். முதல் மாதம் பொருந்தியது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவதும் பொருந்தின. நான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்தாவதில் நிறுத்தினார்.

"இதில கிளினிக் நிறை ஒரு கிலோ கூட இருக்கு."

எனக்கு உயிர் போய் வந்தது. திகதியைப் பார்த்தேன்.

"அந்த ஞாயித்துக்கெழம தீவாளிங்க ஐயா. நான் நிறுத்தது காலையில. அதுக்குப் பொறகுதான் பலகாரம்."

"அம்மா" என்று சாந்தி என் காலை மிதித்தாள். பத்தியக்காரி பலகாரம் சாப்பிட்டதை இன்சூரன்ஸ் ஆளிடமே சொல்லிவிட்டேன்.

"தீபாவளிக்குச் சாப்பிடாத ஆளெண்டு எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்" என்றார் டொக்டர். ஆறாவதும் பொருந்தியது. கொப்பியின் பக்கங்களைத் தானே மறுபடி போட்டோ கொப்பி எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு தாளிலும் கோடுகளைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் எதையோ எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒரு கடிதமும் எழுதினார். அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. செல்வராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, மழையைப் பற்றி ஒரு வரி இருந்தது என்றார்.

மூன்று வாரத்தில் சரி என்று வந்தது.

இதே வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முள் என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுதுங்கள். உங்கள் வீட்டில் வேறு பழக்கம் இருந்தால் முதல் நாளே நர்ஸ் பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கமாகத்தான் இருக்கும்.

ஆபரேசனைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. லெப்ரொஸ்கொபி (வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்வது) என்ற முறை. கொழும்பில் நடந்தது. நான் வெளியே நடைகூடத்தில் இருந்தேன். டொக்டர் மிஸ் வெளியே வந்து, "அம்மே, ஒக்கோம ஹரி" (எல்லாம் சரி) என்றார். எழும்பிக் கும்பிடப் போனேன், கால் மரத்திருந்தது, மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நேரமே மாறிப்போனது. முதல் நாட்களில் கடிகாரம் பார்த்து ஒரு தேக்கரண்டி தண்ணீர். பிறகு வடித்த கஞ்சி. பிறகு மசித்த பருப்பு. முன்பு ஒரு ரொட்டியை நின்றபடியே விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். இப்போது அரைக் கோப்பை கஞ்சிக்கு அரை மணி நேரம். அவசரப்பட்டால் வாந்தி. ஒரு மாதம் தலைமுடி கொத்தாகக் கொட்டியது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. அவள் மெதுவாகச் சாப்பிடும்போது நான் மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டு எழும்ப மனம் வராது. நானும் மெதுவாகச் சாப்பிடப் பழகினேன். நான் இவ்வளவு காலம் சாப்பிட்ட பருப்புக்கு இப்படி ஒரு ருசி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆனால் நான் மெலிந்தது வேறு கதையாயிற்று. "ஆபரேசன் செஞ்சது மகளுக்கா, தாய்க்கா?" என்று முத்துலெட்சுமி லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

சாந்தியின் சீனி மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பதில்லை என்று பரிசோதித்துச் சொன்னார்கள். சத்தமில்லாமல் தூங்குகிறாள். அது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் கிளினிக் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் வந்தோம். றோட்டிலிருந்து லயத்துக்கு ஏற்றம். பேசிக்கொண்டே ஏறினோம். பாதி வழியில் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது, மூச்சு முட்டியது. சாந்தி பேசிக்கொண்டே போனாள். மேலே திருப்பத்தில் திரும்பிப் பார்த்தாள், நான் கீழே நின்றிருந்தேன். அவளுக்குக் களைப்பில்லை. எனக்காக நின்றாள். மெதுவா வாம்மா, அவசரமில்லை என்றாள். அந்த உடம்பு இப்படி மேட்டில் நின்று இன்னொருவருக்காகக் காத்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. என் உடம்புக்கு வயதாகிவிட்டது என்று அங்கே தெரிந்தது. அதில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

படித்தவர்கள் யாராவது இதை ஒரு தடவை டொக்டரிடம் காட்டிச் சரிபார்த்துத் தாருங்கள். நோயின் பெயர், ஆபரேசனின் பெயர், பி.எம்.ஐ. விளக்கம், மாத்திரை விசயம் இவற்றில் பிழை இருக்கும். இன்சூரன்ஸ் விதிகளும் இப்போது மாறியிருக்கலாம், அதையும் கேட்டு எழுதுங்கள். அவள் மேட்டில் நின்றதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அதை நான் கண்ணால் பார்த்தேன்.